மெலனோமா செல்லில் ஓர் எழுத்து மாறினால்: கைனேஸ் சமிக்ஞை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் உண்டாகும் புற்றுநோய். 2011-க்குப் பிறகு இதற்கு வந்த இலக்கு மாத்திரைகள் பெரும்பாலும் செல்லுக்குள் ஓடும் ஒரே சமிக்ஞைப் பாதையைக் குறிவைப்பவை. அந்தப் பாதையைக் கெடுத்தது எந்த மரபணுத் திரிபு என்று தெரியாமல் மாத்திரையைத் தொடங்கினால், பலன் இல்லாமல் போவதோடு முடியாது. சமிக்ஞை இன்னும் கூடிவிடவும் வாய்ப்பு உண்டு. இந்த ஒரு விஷயத்தை எல்லோருக்கும் புரியவைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உயிரியல் மாணவர்களும், நோயாளிகளின் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

கைனேஸ் என்றால் என்ன?

ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டிவிடும் நொதி. ஏடிபி மூலக்கூறில் மூன்று பாஸ்பேட்டுகள் இருக்கும். கடைசியில் இருப்பதைக் கழற்றி, இன்னொரு புரதத்தில் உள்ள செரின், த்ரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் ஒன்றின்மேல் கைனேஸ் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறும். சும்மா இருந்தது வேலை செய்ய ஆரம்பிக்கும், அல்லது வேலை செய்துகொண்டிருந்தது நிற்கும். ஒட்டிய பாஸ்பேட்டை எடுத்துவிடப் பாஸ்பட்டேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002-இல் கணக்கிட்டார்கள். மெலனோமாவைப் புரிந்துகொள்ள அவற்றில் நான்கைந்து போதும்.

நல்ல மெலனோசைட்டில் இந்தப் பாதை எப்படி ஓடுகிறது?

பக்கத்துச் செல்கள் சுரக்கும் வளர்ச்சிக் காரணி, மெலனோசைட்டின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் வந்து ஒட்டும். கிட் என்பது அப்படிப்பட்ட ஓர் ஏற்பி. அதுவே ஒரு கைனேஸும்கூட. செய்தி அங்கிருந்து ராஸ் என்ற சிறு புரதத்துக்குப் போகும். ராஸ் கைனேஸ் அல்ல. குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருந்தால் ஓய்வில் இருக்கும். ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்தால் செயல்நிலைக்கு வரும். செயல்நிலையில் உள்ள ராஸ், ராஃப் கைனேஸ்களைச் செல் சவ்வுக்கு இழுத்து, இரண்டிரண்டாக ஜோடி சேர வைக்கும். ஏ-ராஃப், பி-ராஃப், சி-ராஃப் என்று மூன்று உண்டு. ஜோடி சேர்ந்த ராஃப், மெக் என்ற அடுத்த கைனேஸின் மேல் பாஸ்பேட் ஒட்டும். மெக், எர்க் என்ற இன்னொரு கைனேஸின் மேல் ஒட்டும். எர்க் உட்கருவுக்குள் நுழைந்து, செல் பிரிவதற்குத் தேவையான மரபணுக்களை எழுப்பும். சைக்ளின் டி1 அவற்றில் ஒன்று. செல்லைச் சாகவைக்கும் பிம் என்ற புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புவதும் இதே எர்க்தான். ஆகவே இந்தப் பாதை ஓடினால் செல் பெருகும், சாகாமலும் இருக்கும்.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. எர்க் உச்சத்துக்குப் போனதும் தனக்கு மேலே உள்ளவர்களைத் தானே அடக்கும். ராஃப்பின் மேல் வேறு இடங்களில் பாஸ்பேட் ஒட்டி அதை மந்தமாக்கும். ஸ்ப்ரவுட்டி, டஸ்ப்-6 போன்ற அடக்கும் புரதங்களை உற்பத்தி செய்ய வைக்கும். அதனால் சமிக்ஞை எழும்பி, கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். இந்தப் பின்னூட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏன் வேலை செய்கிறது, பிறகு ஏன் நின்றுபோகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

வி600இ, வி600இ என்கிறார்களே, அது என்ன?

பி-ராஃப் புரதத்தில் 766 அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. 600-ஆவது இடத்தில் இருக்க வேண்டியது வேலின். மரபணுவில் அந்த இடத்தில் ஜி-டி-ஜி என்று மூன்று எழுத்துகள். நடுவில் உள்ள டி மட்டும் ஏ ஆகிவிட்டால் ஜி-ஏ-ஜி. இப்போது வேலினுக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்து உட்காரும். வேலினின் குறியீடு வி, குளூட்டமிக் அமிலத்தின் குறியீடு இ. அதனால் வி600இ.

பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டனில் உள்ள சேங்கர் நிறுவனத்தின் புற்றுநோய் மரபணுத் திட்டக் குழு 2002-இல் இதைக் கண்டு வெளியிட்டது. மனித மரபணு வரிசை கைக்கு வந்த புதிது. புற்று செல்களில் கைனேஸ் பாதை மரபணுக்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோது பி-ராஃப்பில், அதுவும் மெலனோமாவில், ஒரே இடத்தில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப வந்தது. இன்று நமக்குத் தெரிந்தவரை தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழ பாதியில் பி-ராஃப் திரிபு இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி வி600இ. (அந்தக் காலத்துக் கட்டுரைகளில் வி599இ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். மரபணு வரிசையைத் திருத்தியபோது எண் ஒன்று கூடியது, திரிபு அதேதான்.)

ஓர் எழுத்து மாறியதற்கு இவ்வளவா?

ஆமாம், காரணம் அது மாறிய இடம். 600-ஆவது வேலின், கைனேஸின் செயல் நடக்கும் குழிக்கு வாசலில் மடிந்து கிடக்கும் ஒரு வளையத்தில் இருக்கிறது. வேலின் தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலம். எதிரே உள்ள மற்றொரு மடிப்பில் அதேபோலத் தண்ணீரை வெறுக்கும் பக்கங்களோடு ஒட்டிக்கொண்டு, வளையத்தை மூடிய நிலையில் பிடித்து வைத்திருக்கும். உள்ளே போட்ட தாழ்ப்பாள் மாதிரி. ராஸிடமிருந்து செய்தி வந்து, பக்கத்தில் இருக்கும் 599, 602-ஆவது இடங்களில் பாஸ்பேட் ஒட்டினால்தான் அந்தப் பிடி விடும்.

குளூட்டமிக் அமிலமோ எதிர்மின்சுமை உள்ளது, தண்ணீரை விரும்புவது. அது வந்து உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கத்தோடு ஒட்ட முடிவதில்லை. அதன் மின்சுமை, பக்கத்தில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் என்ன ஆகுமோ அதையே செய்துவிடுகிறது. வளையம் திறந்தே நிற்கும். 2004-இல் இந்தப் புரதத்தின் படிக அமைப்பை வெளியிட்டவர்கள் அளந்தபோது, வி600இ-யின் செயல்திறன் இயல்பான பி-ராஃப்பைப் போல ஏறத்தாழ 500 மடங்கு இருந்தது.

மடங்குக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இயல்பான ராஃப்புக்கு ராஸ் வேண்டும், ஜோடி வேண்டும். வி600இ-க்கு இரண்டும் வேண்டாம்; தனியாகவே வேலை செய்யும். எர்க் அனுப்பும் அடக்கும் செய்தியையும் அது கேட்பதில்லை. விளைவு: எர்க் எப்போதும் உச்சத்தில், அதன் பின்னூட்டத்தால் மேலே உள்ள ராஸ் மட்டும் கிட்டத்தட்ட ஓய்வில். ராஸ் அடங்கிக் கிடப்பதால் அந்தச் செல்லில் ராஃப் ஜோடிகள் மிகக் குறைவு. கீழே மருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த வரிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இது வெயிலால் வருவதா?

மெலனோமா செல்களில் உள்ள ஆயிரக்கணக்கான திரிபுகளில் பெரும்பாலானவை புற ஊதாக் கதிரின் முத்திரையோடு இருப்பவை: சி என்ற எழுத்து டி ஆக மாறியிருக்கும். வி600இ அப்படி அல்ல. அங்கே டி, ஏ ஆகிறது. ஆனாலும் வெயிலுக்குத் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைத்தோல் மக்களில், விடுமுறைக் காலத்தில் மட்டும் வெயில் படும் முதுகு, கால் போன்ற இடங்களில் இளம் வயதில் வரும் கட்டிகளில் வி600இ அதிகம். ஆயுள் முழுக்க வெயில் பட்ட முகம், கழுத்தில் முதிய வயதில் வருபவற்றில் என்எஃப்-1, என்-ராஸ் என்ற வேறு மரபணுக்களின் திரிபுகளும், வி600கே-யும் (அதே 600-ஆவது இடத்தில் லைசின் வந்த திரிபு) அதிகம்.

என் உடம்பில் நிறைய மச்சம் இருக்கிறது. அவற்றிலும் இந்தத் திரிபு இருக்குமா?

இருக்கலாம், பயப்படாதீர்கள். சாதாரண மச்சங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் பி-ராஃப் திரிபு இருப்பதாக 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. மச்சம் என்பதே ஒரு மெலனோசைட்டில் இந்தத் திரிபு விழுந்து, அது கொஞ்சம் பெருகி, பிறகு நின்றுபோனதன் விளைவுதான். அப்படி நின்ற செல்கள் சாவதில்லை, பிரிவதும் இல்லை. பல்லாண்டு அப்படியே கிடக்கும். எர்க் அளவுக்கு மீறி ஓடுவதைச் செல்லே உணர்ந்து, பி16 போன்ற புரதங்களை வரவழைத்துப் பிரிவதை நிறுத்திவிடுகிறது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005-இல் மனித மச்சங்களிலேயே இதைக் காட்டினார்கள்.

அதே ஆண்டு ஜீப்ரா மீனில் செய்த சோதனை இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தது. மீனின் மெலனோசைட்டுகளில் மனித வி600இ-யை மட்டும் வைத்தபோது மீனுக்கு மச்சங்கள் வந்தன, அவ்வளவுதான். புற்றைத் தடுக்கும் பி53 என்ற மரபணு இல்லாத மீனில் அதையே வைத்தபோது மெலனோமா வந்தது. எலியிலும் இதே கதை: வி600இ மட்டும் இருந்தால் தீங்கற்ற வளர்ச்சி, கூடவே பிடென் என்ற மரபணுவையும் நீக்கினால் பரவும் மெலனோமா.

ஆகவே பி-ராஃப் தனி ஆளாகப் புற்றை உண்டாக்குவதில்லை. பி16-ஐத் தரும் சிடிகேஎன்2ஏ மரபணு போக வேண்டும், பிடென் போக வேண்டும், டெலோமரேஸ் மரபணுவின் தொடக்கப் பகுதி மாற வேண்டும் என்று இன்னும் சில இழப்புகள் சேர வேண்டும். பெரும்பாலான மச்சங்களில் அது ஆயுளுக்கும் நடப்பதில்லை. வடிவம், நிறம், அளவு மாறிக்கொண்டிருக்கும் மச்சத்தைத்தான் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பி-ராஃப் திரிபு இல்லாத மெலனோமாக்களில் எது மாறியிருக்கும்?

2015-இல் வெளியான டிசிஜிஏ (புற்றுநோய் மரபணுக்களைத் தொகுக்கும் திட்டம்) ஆய்வு தோல் மெலனோமாவை நான்கு வகையாகப் பிரித்தது: பி-ராஃப் திரிபு உள்ளவை, ராஸ் திரிபு உள்ளவை, என்எஃப்-1 இழந்தவை, இந்த மூன்றும் இல்லாதவை.

என்-ராஸ் திரிபு ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைய, பெரும்பாலும் 61-ஆவது இடத்தில். அங்குள்ள குளூட்டமின்தான் ட்ரைபாஸ்பேட்டை வெட்டி டைபாஸ்பேட் ஆக்க உதவுவது. அது மாறினால் ராஸால் ஓய்வுக்குத் திரும்ப முடியாது. என்எஃப்-1 தரும் புரதத்தின் வேலையும் அந்த வெட்டலை வேகப்படுத்துவதுதான். அது இல்லாமல் போனாலும் விளைவு ஏறத்தாழ அதுவே. இந்த இரண்டிலும் ராஸ் செயல்நிலையில் இருப்பதால் ராஃப் ஜோடிகள் ஏராளம். வி600இ செல்லுக்கு நேர் எதிரான நிலைமை இது.

கண்ணுக்குள் வரும் மெலனோமா முற்றிலும் வேறு. அங்கே பி-ராஃப் திரிபு கிட்டத்தட்டக் கிடையாது. ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 என்ற மரபணுவில் திரிபு விழுந்து, புரத கைனேஸ் சி வழியாகச் செய்தி போகும். தோல் மெலனோமாவின் பி-ராஃப் மாத்திரையை அங்கே கொண்டுபோவதில் பொருளே இல்லை.

பிடென் இழப்பு எர்க் பாதையைச் சேர்ந்தது அல்ல. பிஐ3கே, ஏகேடி என்ற பக்கத்துப் பாதையை அது அவிழ்த்துவிடுகிறது. பி-ராஃப் திரிபோடு சேர்ந்து வருவது வழக்கம். என்-ராஸ் திரிபு இருந்தால் அரிது, ஏனென்றால் ராஸ் தானே இரண்டு பாதையையும் ஓட்டிவிடும்.

இந்தியாவில் மெலனோமா உள்ளங்காலில்தான் வரும் என்கிறார்களே?

நம் மக்களிடம் மெலனோமா மிக அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் அது முப்பதுக்கு மேல். கருந்தோல் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் வெயிலால் வரும் வகை நமக்குக் குறைகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவதற்கும் வெயிலுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. அந்த வகை எல்லா இனத்தாருக்கும் வருகிறது. அதனால் நம்மிடம் காணும் மெலனோமாவில் அதன் பங்கு பெரிது. ஜமைக்காப் பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் விரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981-இல், 36 வயதில், அது பரவி இறந்தார்.

இவற்றின் மரபணு நிலையும் வேறு. ஓர் எழுத்து மாறும் திரிபுகள் குறைவு. குரோமோசோம் துண்டுகள் உடைந்து பெருகுவதும் தொலைவதும் அதிகம். பி-ராஃப் திரிபு ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான். கிட் ஏற்பியில் திரிபு இருப்பவை பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை. கிட் செல்லின் மேற்பரப்பிலேயே இருப்பதால், அது கெட்டால் எர்க் பாதை, பிஐ3கே பாதை இரண்டும் சேர்ந்து ஓடும். கிட் திரிபு உள்ள சிலருக்கு இமாட்டினிப் மாத்திரை கட்டியைச் சுருக்குகிறது. திரிபு இல்லாமல் கிட் மரபணு எண்ணிக்கையில் மட்டும் பெருகியிருந்தால் பெரும்பாலும் பலன் கிடைப்பதில்லை.

ஆகவே "மெலனோமாவில் பாதிப் பேருக்கு பி-ராஃப்" என்ற வாக்கியத்தை அப்படியே நம் ஊர் நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. அது வெள்ளைத்தோல் மக்களிடம் எடுத்த கணக்கு.

இதைச் சொல்லும்போதே ஒரு வேண்டுகோளையும் வைத்துவிடுகிறேன். உள்ளங்காலில் கருப்பாக வளரும் எதையும் காலாணி என்று பிளேடால் சீவிக்கொண்டோ பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டோ இருக்காதீர்கள். அடிபட்டு ரத்தம் கட்டிய நகம் வளர வளரக் கறுப்பு நுனியை நோக்கி நகர வேண்டும். நகராமல் நின்றாலும், நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலும் உடனே காட்டுங்கள்.

வெமுராஃபெனிப் போன்ற மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன?

ராஃப்பின் குழியில் ஏடிபி உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஏடிபிக்கு இடமில்லை, பாஸ்பேட்டும் இல்லை. மெக், எர்க் அடங்கும், பிம் தேங்கும், செல் சாகும்.

முதற்கட்டச் சோதனையில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் கொடுத்த மருந்து வடிவம் உடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை. கட்டிகள் சுருங்கவும் இல்லை. வடிவத்தை மாற்றி, ரத்தத்தில் அளவு ஏறிய பிறகுதான் சுருங்கின. கட்டியில் எர்க்கின் பாஸ்பேட் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால்தான் பலன் தெரிந்தது. அரைகுறையாக அடக்கினால் போதாது.

பிறகு 675 நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் வெமுராஃபெனிப் எடுத்தவர்களில் 48 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. டகார்பசின் என்ற பழைய கீமோ மருந்தில் 5 விழுக்காடு. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டப்ராஃபெனிப் 2013-லும் என்கோராஃபெனிப் 2018-லும் வந்தன.

அதே மாத்திரை சிலருக்குச் சமிக்ஞையைக் கூட்டிவிடும் என்பது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஆய்வகத்தில் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஏ375 என்ற மெலனோமா செல்கள், வி600இ உள்ளவை. மற்றதில் எஸ்கே-மெல்-2, பி-ராஃப் இயல்பானது, என்-ராஸ் கெட்டது. இரண்டிலும் ஒரே அளவு வெமுராஃபெனிப்பை விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செல்களை உடைத்து, புரதங்களை ஜெல்லில் ஓட்டி, சவ்வுக்கு மாற்றி, பாஸ்பேட் ஒட்டிய எர்க்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியால் பார்க்கிறோம். எர்க் இரண்டு கோடுகளாகத் தெரியும். 44, 42 கிலோடால்டன். ஏ375-இல் மருந்து இல்லாத வரிசையில் அட்டைக் கறுப்பாக நிற்கும் அந்த இரு கோடுகள், மருந்து விட்ட வரிசையில் காணாமல் போகும். எஸ்கே-மெல்-2-இல் அதே கோடுகள் மருந்து விட்ட பிறகு இன்னும் தடிக்கும். மொத்த எர்க்கைக் காட்டும் கோடு எல்லா வரிசையிலும் ஒரே அளவுதான். எர்க்கின் அளவு கூடவில்லை, அதன் மேல் ஒட்டிய பாஸ்பேட்தான் கூடியிருக்கிறது.

எப்படி? ராஸ் செயல்நிலையில் உள்ள செல்லில் ராஃப்கள் ஜோடியாக இருக்கின்றன. மருந்து ஜோடியில் ஒன்றின் குழியில் உட்கார்ந்ததும் அதன் வடிவம் மாறி, தன்னோடு இருக்கும் மற்ற ராஃப்பைச் செயல்நிலைக்குத் தள்ளுகிறது. அந்த இரண்டாவதன் மேல் மருந்து எளிதில் ஒட்டுவதும் இல்லை. வி600இ செல்லில் ராஸ் ஓய்வில், ராஃப் தனியாக. அதனால் அங்கே மருந்து வெறுமனே அடக்குகிறது. 2010-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு வெளியிட்டன.

இது தட்டோடு நிற்கும் சங்கதி அல்ல. வெமுராஃபெனிப் தனியாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, சில வாரங்களிலேயே, தோலில் வேறொரு வகைப் புற்று முளைத்தது. அவற்றை வெட்டியெடுத்துப் பார்த்தால் பலவற்றில் ராஸ் திரிபு. வெயிலால் முன்பே ராஸ் திரிபு விழுந்து அமைதியாகக் கிடந்த தோல் செல்களை மருந்து எழுப்பிவிட்டது. அவற்றை எளிதில் வெட்டி எடுத்துவிட முடிந்தது, நல்லவேளை. ஆனால் மெலனோமாவிலேயே ராஸ் திரிபு இருந்து, பரிசோதிக்காமல் இதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறார்களா?

அதுவும் ஒரு காரணம். ராஃப் மருந்தோடு ட்ராமெட்டினிப், கோபிமெட்டினிப், பினிமெட்டினிப் போன்ற ஒரு மெக் மருந்தைச் சேர்த்தால், வேறு செல்களில் ராஃப் தூண்டப்பட்டாலும் அடுத்த படியில் தடுபடும். தோல் புற்று முளைப்பது குறைகிறது. வி600இ செல்லிலும் அடக்கம் முழுமையாகி, எதிர்ப்பு தள்ளிப்போகிறது. டப்ராஃபெனிப்–ட்ராமெட்டினிப் சேர்க்கையைத் தொடக்கத்திலிருந்தே எடுத்த 563 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்ததில் 34 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். 19 விழுக்காட்டினருக்கு நோய் முன்னேறவே இல்லை. இந்த மருந்துகள் வருவதற்கு முன்பு, பரவிய மெலனோமா என்றால் மாதக் கணக்குத்தான் சொல்வார்கள்.

காய்ச்சல் இந்தச் சேர்க்கையில் பாதிப் பேருக்கு வரும். வெமுராஃபெனிப் எடுப்பவர்களுக்கு வெயில் சட்டென்று சுடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும்கூட. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராமல் இருப்பது நல்லது.

நன்றாகச் சுருங்கிய கட்டி ஏன் மறுபடி வளர்கிறது?

பின்னூட்டத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா, அது இங்கே வருகிறது. வி600இ செல்லில் ராஸை அடக்கி வைத்திருந்தது எர்க். மருந்து எர்க்கை அடக்கியதும் ராஸின் மேலிருந்த அடக்குமுறை போய்விடுகிறது. ஏற்பிகள் மறுபடி செய்தி அனுப்ப, ராஸ் எழ, ராஃப் ஜோடி சேர ஆரம்பிக்கிறது. ஜோடியை இந்த மருந்தால் அடக்க முடியாது என்று மேலே பார்த்தோம். ஆக, மருந்து வேலை செய்யும் விதமே அதன் பலத்தைக் குறைக்கும் நிலைமையைக் கொண்டுவருகிறது.

பல கைனேஸ் மருந்துகளுக்கு எதிர்ப்பு வரும்போது, மருந்து உட்காரும் குழியிலேயே புதிய திரிபு விழும். மெலனோமா நோயாளிகளில் பி-ராஃப்பில் அப்படி நடப்பது வழக்கமில்லை. செல்கள் வேறு வழியில் ஜோடியை உண்டாக்குகின்றன, அல்லது ராஃப்பையே தாண்டிப் போகின்றன. வி600இ மரபணு பல பிரதிகளாகப் பெருகும். என்-ராஸில் புதிதாகத் திரிபு விழும். பி-ராஃப் ஆர்என்ஏ வேறு மாதிரி வெட்டி ஒட்டப்பட்டு, ராஸோடு சேரும் பகுதி இல்லாத குட்டைப் புரதம் ஒன்று வரும்; அது ராஸ் இல்லாமலே ஜோடி சேரும். மெக்கில் திரிபு வரலாம். காட் என்ற வேறொரு கைனேஸ் மெக்கை நேரடியாக எழுப்பலாம். பிடிஜிஎஃப்ஆர் போன்ற ஏற்பிகள் பெருகி பிஐ3கே பாதையை ஓட்டலாம். கட்டியைச் சுற்றியுள்ள இயல்பான செல்கள் சுரக்கும் ஹெச்ஜிஎஃப் என்ற காரணியே புற்று செல்லைக் காப்பாற்றுவதும் உண்டு. ஒரே நோயாளியின் இரண்டு கட்டிகளில் இரண்டு வெவ்வேறு வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் எதிர்ப்பு வராது என்று படித்தேன்.

எலிகளில் அப்படித்தான் தெரிந்தது. எதிர்ப்பு பெற்ற செல்கள் மருந்துக்குப் பழகி, மருந்தை நிறுத்தினால் அளவுக்கு மீறிய எர்க்கால் தாமே நலிந்தன. 2013-இல் வந்த அந்த முடிவு பலருக்கும் நம்பிக்கை தந்தது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது நேர்மாறாக வந்தது: தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நோய் கட்டுப்பட்ட காலத்தின் இடைநிலை 9 மாதம், விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு 5.5 மாதம். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தி நிறுத்தி எடுக்காதீர்கள். பக்கவிளைவுக்காக மருத்துவர் சில நாள் நிறுத்தச் சொல்வது வேறு.

வி600இ என்றால் எந்தப் புற்றுநோய்க்கும் இந்த மாத்திரை போதுமா?

போதாது. பெருங்குடல் புற்றுநோயிலும் பத்தில் ஒன்றை ஒட்டி இதே திரிபு உண்டு. ஆனால் வெமுராஃபெனிப்பைத் தனியாகக் கொடுத்தபோது 5 விழுக்காட்டினருக்குத்தான் கட்டி சுருங்கியது. குடல் செல்களில் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி ஏராளம். எர்க் அடங்கிய உடனே அது ராஸை எழுப்பிவிடுகிறது. மெலனோசைட் வழிவந்த செல்லில் அந்த ஏற்பி மிகக் குறைவு. குடலுக்கு என்கோராஃபெனிப்போடு இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் செட்டுக்ஸிமாப்பையும் சேர்க்க வேண்டியிருந்தது. 2020-இல் ஒப்புதல் பெற்றது அந்தச் சேர்க்கை. திரிபு ஒன்றுதான் என்றாலும், அது எந்தச் செல்லில் விழுந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

பி-ராஃப் திரிபு இருந்தால் முதலில் மாத்திரையா, இம்யூனோதெரபியா?

265 நோயாளிகளிடம் இரண்டு வரிசையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை ஒன்று உண்டு. நிவோலுமாப்–இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபியில் (உடலின் நோயெதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை) தொடங்கியவர்களில் இரண்டாண்டு முடிவில் 71.8 விழுக்காட்டினரும், மாத்திரைகளில் தொடங்கியவர்களில் 51.5 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர். அதனால் உடல்நிலை இடம் கொடுத்தால் இம்யூனோதெரபிதான் முதலில். நோய் மிக வேகமாகப் பரவி, உடனே சுருக்கியாக வேண்டும் என்ற நிலையில் மாத்திரைக்கு இன்னும் இடம் இருக்கிறது; சில நாட்களிலேயே அது வலியைக் குறைப்பதைக் காணலாம். செலவும் இந்த முடிவில் பெரும் பங்கு வகிக்கிறது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

அறிக்கையில் என்-ராஸ் என்று வந்திருக்கிறது. அதற்கு மாத்திரை உண்டா?

பி-ராஃப் மாத்திரை கூடாது, காரணம் மேலே. மெக் மருந்தான பினிமெட்டினிப்பை என்-ராஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது நோய் கட்டுப்பட்ட காலம் 2.8 மாதம், கீமோவில் 1.5. வித்தியாசம் இருந்தது, ஆயுளைக் கூட்டவில்லை. இம்யூனோதெரபிதான் முக்கிய வழி.

இது பிள்ளைகளுக்கு வருமா?

வி600இ கட்டியில் மட்டும் விழுந்த திரிபு, பரம்பரையாகப் போகாது. குடும்பத்தில் பலருக்கு மெலனோமா இருந்தால் சிடிகேஎன்2ஏ, சிடிகே4 போன்ற மரபணுக்களை ரத்தத்தில் பார்ப்பார்கள். அது வேறு பரிசோதனை.

பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள்? அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

பயாப்ஸியில் எடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து பிளாக் ஆக வைத்திருப்பார்கள். அதிலிருந்து சீவிய மெல்லிய துண்டுகளில்தான் பரிசோதனை. எந்த முறையில் பார்த்தார்கள் என்பதை அறிக்கையில் முதலில் தேடுங்கள்.

விஇ1 ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றிப் பார்த்திருந்தால் அது வி600இ-யை மட்டும் காட்டும். வி600கே இருந்தாலும் 'இல்லை' என்றே வரும். அந்த நோயாளிக்கும் மாத்திரை பலன் தரக்கூடியது. டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில் மெலனின் நிறமி ஒரு தொல்லை: திசு மிகக் கறுப்பாக இருந்தால் வினையையே அது தடுத்துவிடும், டிஎன்ஏவை நன்கு சுத்தம் செய்ய வேண்டும். கால் விரலோடு எலும்பையும் சேர்த்து எடுத்திருந்தால், எலும்பை இளக்க அமிலம் பயன்படுத்தியிருக்கலாம். அமிலம் டிஎன்ஏவைச் சிதைக்கும். அப்படியானால் எலும்பு இல்லாத பகுதியின் பிளாக்கையோ, நிணநீர்க் கணுவின் பிளாக்கையோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்ஜிஎஸ் முறைக்கு வசதி இருந்தால் அதுவே நல்லது; உள்ளங்கால், நகத்தடி மெலனோமாவுக்கு இன்னும் முக்கியம். கிட், என்-ராஸ், என்எஃப்-1 எல்லாம் அதில் தெரிந்துவிடும். பி-ராஃப்பிலேயே 600 அல்லாத இடத்தில் திரிபு வந்திருந்தாலும் தெரியும். அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கே601இ, ஜி469ஏ போன்றவை ஜோடியாகச் செயல்படுபவை. டி594 திரிபுகளில் பி-ராஃப்பின் சொந்தச் செயல்திறனே மங்கி, ராஸைச் சார்ந்து இயங்கும். இரண்டுக்கும் வெமுராஃபெனிப் ஏற்றதல்ல. 'பி-ராஃப் பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த எண், எந்த எழுத்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு ஊர் மாறும்போது அறிக்கையின் நகலோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயாப்ஸி செய்த ஆய்வகத்தில் எழுதிக் கேட்டால் தருவார்கள். நோய் மறுபடி வந்து புதிதாகத் திசு எடுக்கும்போது, பழைய பிளாக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இடையில் எந்தத் திரிபு சேர்ந்தது என்பது தெரியும்.